போன மெயில் எங்கே நிற்கிறது?

மெயிலை வாங்கி அனுப்பும் சர்வர் புரோகிராமான போஸ்ட்ஃபிக்ஸை நிறுவுவது பெரிய வேலையே இல்லை. பேக்கேஜை இறக்கி, அது கேட்கிற ஒன்றிரண்டு கேள்விகளுக்குப் பதில் சொன்னால் ஓடத் தொடங்கிவிடும். அதே சர்வரில் இருக்கும் இன்னொரு பயனருக்கு மெயில் அனுப்பிப் பார்த்தால் உடனே போய்ச் சேரும். வெளியுலகத்தோடு அதைப் பேச வைப்பதில்தான் பாடு இருக்கிறது. எங்கள் அலுவலகத்தில் பல வருடங்களாக ஃப்ரீபிஎஸ்டி இயங்குதளம் கொண்ட ஒரு பழைய சர்வரில் செண்ட்மெயில் என்ற இன்னொரு மெயில் புரோகிராம் ஓடிக்கொண்டிருந்தது. அதை அமைத்தவர் எப்போதோ வேலையை விட்டுப் போய்விட்டார். அதிலிருந்து, டெபியன் லினக்ஸில் போஸ்ட்ஃபிக்ஸ் ஓடும் ஒரு புதிய மெய்நிகர் சர்வருக்கு எல்லாவற்றையும் மாற்றும் பொறுப்பு என்னிடம் வந்தது. அந்த மாற்றத்தில் எந்தெந்த இடத்தில் மெயில் நின்றது, அதை எப்படிக் கண்டுபிடித்தேன் என்பதை எழுதி வைக்கிறேன். இதே வேலையில் இறங்குகிறவர்களுக்கு ஓரிரு இரவுத் தூக்கமாவது மிஞ்சும்.

போஸ்ட்ஃபிக்ஸின் அமைப்பைக் கொஞ்சம் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் எளிது. செண்ட்மெயில் எண்பதுகளின் தொடக்கத்தில் எரிக் ஆல்மன் எழுதியது. ஒரே பெரிய புரோகிராம், எல்லா வேலையையும் அதுவே பார்க்கும். வீட்சே வெனிமா ஐபிஎம்மின் ஆய்வுக்கூடத்தில் இருந்தபோது எழுதி 1998-இல் வெளிவந்த போஸ்ட்ஃபிக்ஸ் வேறு வழியில் போனது. வெளியிலிருந்து வாங்குவதற்கு ஒரு புரோகிராம், தலைப்பைச் சரிபார்த்து வரிசையில் வைக்க ஒன்று, வரிசையைக் கவனிக்க ஒன்று, வெளியே கொண்டுபோய்க் கொடுக்க இன்னொன்று. கட்டட வேலையில் செங்கல் ஆளுக்கு ஆள் கைமாறிப் போவதுபோல மெயில் கைமாறிப் போகிறது. ஒவ்வொன்றும் தன் பெயரைப் போட்டுத்தான் லாக்கில், அதாவது நடந்ததைப் பதியும் ஃபைலில், எழுதும். அதனால் மெயில் யார் கையில் நின்றுவிட்டது என்று லாக்கைப் பார்த்தே சொல்லிவிடலாம். கான்ஃபிக் ஃபைலில் கை வைப்பதற்கு முன் லாக்கைப் படியுங்கள் என்று நான் எல்லோரிடமும் கெஞ்சுவது இதனால்தான். டெபியனில், ஆர்சிஸ்லாக் என்ற லாக் எழுதும் புரோகிராம் இருந்தால், அது வார் லாக்கின் கீழே மெயில்.லாக் என்ற பெயரில் இருக்கும், ஃப்ரீபிஎஸ்டியில் மெயில்லாக் என்று இருக்கும்.

முதல் சிக்கல் பெயர் தேடுவதில் வந்தது. வெளியே அனுப்பிய எந்த மெயிலும் போகவில்லை. 'ஹோஸ்ட் நாட் ஃபவுண்ட், ட்ரை அகெய்ன்' என்று லாக் சொன்னது. ஆனால் கட்டளை வரியில் டிக் என்ற தேடும் கட்டளையைப் போட்டுப் பார்த்தால் அதே டொமைனின் எம்எக்ஸ் பதிவு (அதன் மெயிலை வாங்கும் சர்வர் எது என்று சொல்வது) பளிச்சென்று வருகிறது. பெயரை முகவரியாக மாற்றித் தரும் டிஎன்எஸ் வேலை செய்கிறது, போஸ்ட்ஃபிக்ஸுக்கு மட்டும் வேலை செய்யவில்லை. இந்த இடத்தில் பலர் டிஎன்எஸ் சர்வரை மாற்றி மாற்றிப் பார்த்து நேரத்தை விடுகிறார்கள்.

காரணம் சிஹெச்ரூட், ஒரு புரோகிராமை ஒரே கோப்பகத்துக்குள் அடைத்து வைக்கும் ஏற்பாடு. டெபியனில் போஸ்ட்ஃபிக்ஸின் எஸ்எம்டிபி கிளையண்ட் (மெயில் சர்வர்களின் பொது மொழியான எஸ்எம்டிபியில் வெளியே கொண்டுபோய்க் கொடுக்கும் புரோகிராம்) பல காலமாகவே வார் ஸ்பூல் போஸ்ட்ஃபிக்ஸ் என்ற கோப்பகத்துக்குள் பூட்டப்பட்டுத்தான் ஓடிவந்திருக்கிறது. அதன் கண்ணுக்கு அந்தக் கோப்பகம்தான் முழு உலகம். அதனால் எந்த டிஎன்எஸ் சர்வரைக் கேட்பது என்று சொல்லும் ரிசால்வ்.கான்ஃப் ஃபைலின் ஒரு நகல் உள்ளேயும் இருக்க வேண்டும். போஸ்ட்ஃபிக்ஸ் தொடங்கும்போது அந்த நகல் எடுக்கப்படுகிறது. எங்கள் சர்வரிலோ நெட்வொர்க் அமைப்பு, அதைத் தானாகக் கொடுக்கும் டிஹெச்சிபி வழியாகக் கொஞ்சம் தாமதமாக வந்து, அப்புறம்தான் வெளியே இருந்த ரிசால்வ்.கான்ஃப் சரியானது. உள்ளே பழைய நகல் அப்படியே கிடந்தது. 'போஸ்ட்ஃபிக்ஸ் செக்' என்று ஒரு கட்டளை கொடுத்தேன். இரண்டு ஃபைலும் வேறுபடுகின்றன என்று ஒரே வரியில் சொல்லிவிட்டது. மறுபடி தொடங்கியதும் தீர்ந்தது. பிறகு, நெட்வொர்க் முழுதாக வந்த பின்னரே போஸ்ட்ஃபிக்ஸ் தொடங்கும்படி சர்வீஸ் வரிசையையும் மாற்றி வைத்தேன். எந்தப் புரோகிராம் எப்படி ஓட வேண்டும் என்று சொல்லும் மாஸ்டர்.சிஎஃப் ஃபைலில் ஐந்தாவது நெடுவரிசையை மாற்றி சிஹெச்ரூட்டையே எடுத்துவிடலாம் என்று பலர் சொல்வார்கள். எடுத்தாலும் ஓடும். ஆனால் இருக்கிற பாதுகாப்பை ஒரு நகல் ஃபைலுக்காக விட எனக்கு மனமில்லை.

பெயர் கிடைத்தது, அடுத்து இணைப்பு கிடைக்கவில்லை. 'கனெக்‌ஷன் டைம்டு அவுட்'. இங்கே லாக் வரியில் ஒரு சின்ன விஷயத்தைக் கவனிக்கச் சொல்கிறேன். ஒவ்வொரு டெலிவரி வரியிலும் 'டிலேஸ்' என்று போட்டு, சாய்கோட்டால் பிரித்த நான்கு எண்கள் இருக்கும். முதல் எண், மெயில் வரிசை நிர்வாகியிடம் (வரிசையைக் கவனிக்கும் புரோகிராம்) வருவதற்கு முன் ஆன நேரம். இரண்டாவது, அந்த நிர்வாகியிடம் காத்திருந்த நேரம். மூன்றாவது, டிஎன்எஸ் தேடல், இணைப்பு, வணக்கம் சொல்வது, டிஎல்எஸ் என்ற மறையாக்கம் எல்லாம் சேர்த்து. நான்காவது, மெயிலைக் கொடுத்து முடிக்க ஆன நேரம். எங்கள் லாக்கில் வந்த வரி 0.1/0.02/150/0 என்று இருந்தது. ஒரு முகவரிக்கு 30 வினாடி காத்திருப்பது போஸ்ட்ஃபிக்ஸின் வழக்கம், ஐந்து முகவரி வரை முயலும். 30 பெருக்கல் 5, 150. அதாவது அந்தப் பக்கத்தின் ஐந்து முகவரிகளில் ஒன்றுகூட வாயைத் திறக்கவில்லை. வேறு டொமைனுக்கும் அதே எண். எதிர்ப்பக்கம் எல்லோருமா ஒரே நேரத்தில் படுத்திருப்பார்கள்? தடை எங்கள் பக்கத்தில்தான் என்று புரிந்தது.

எங்கள் சர்வரிலிருந்து வெளியே 587-ஆம் போர்ட்டுக்கு (பயனர்கள் மெயிலை ஒப்படைக்கும் வாசல்) இணைப்பு கிடைத்தது, சர்வருக்குச் சர்வர் மெயில் போகும் 25-க்கு மட்டும் எங்கேயும் கிடைக்கவில்லை. எங்கள் ஃபயர்வாலில் அப்படி எந்த விதியும் இல்லை. சர்வரை வாடகைக்குக் கொடுத்த நிறுவனம் புதிய கணக்குகளுக்கு வெளியே போகும் 25-ஆம் போர்ட்டை அடைத்தே வைக்கிறது, விண்ணப்பித்தால்தான் திறக்கும். ஸ்பேமைத் தடுக்க இது நல்ல ஏற்பாடு என்றுதான் நானும் நினைக்கிறேன். பணம் வாங்கும் பக்கத்தில் அதை எழுதியிருக்கலாம் என்பதுதான் வருத்தம். எதற்காக வேண்டும், எவ்வளவு மெயில் போகும், யார் கவனிப்பார்கள் என்று கேட்டார்கள். விளக்கமாக எழுதிக் கொடுத்தேன், திறந்தார்கள்.

இதற்கிடையில் வரிசையில் மெயில்கள் குவிந்துகொண்டிருந்தன. சக ஊழியர் ஒருவர் பதறிப்போய், 'எல்லாத்தையும் அழிச்சிட்டு திரும்ப அனுப்பச் சொல்லிடலாமா?' என்றார். வேண்டவே வேண்டாம் என்றேன். எதிர் சர்வர் தரும் பதில் எண் 4-இல் தொடங்கினால் தற்காலிகத் தடை, 5-இல் தொடங்கினால் நிரந்தர மறுப்பு. 1982-இல் வந்த முதல் எஸ்எம்டிபி வரையறையிலிருந்தே இந்தப் பிரிவு இருக்கிறது. இணைப்பே கிடைக்காததையும் தற்காலிகமாகத்தான் போஸ்ட்ஃபிக்ஸ் எடுத்துக்கொள்ளும். வேறு அமைப்பு எதுவும் செய்யாவிட்டால் ஐந்து நாள் வரை வைத்திருந்து, இடைவெளியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, முயன்றுகொண்டே இருக்கும். போர்ட் திறந்த பிறகு 'போஸ்ட்கியூ' கட்டளையால் வரிசையை ஒரு தட்டுத் தட்டினேன். தேங்கியதெல்லாம் ஒன்றுவிடாமல் கிளம்பியது.

கிளம்பியதில் ஒரு பகுதி திரும்பி வந்தது. இந்த முறை 550, நிரந்தர மறுப்பு. அனுப்பும் ஐபி முகவரிக்கு, அது எந்தப் பெயருக்குரியது என்று சொல்லும் தலைகீழ்ப் பதிவு இல்லை என்று காரணமும் எழுதியிருந்தது. பிடிஆர் எனப்படும் அந்தப் பதிவை நான் முதல் நாளே போட்டிருந்தேன், சரிபார்த்தும் இருந்தேன். மறுத்த வரியை மறுபடி படித்தால் அதில் இருந்தது ஐபிவி6 என்ற புதிய வகை முகவரி, நான் பதிவு போட்டிருந்ததோ பழைய வகையான ஐபிவி4-க்கு. சர்வருக்கு ஐபிவி6 தானாகவே வந்திருக்கிறது, எதிர்ப்பக்கமும் அதைப் பேசுகிறது, போஸ்ட்ஃபிக்ஸ் அந்த வழியே போயிருக்கிறது. அந்த முகவரிக்குப் பதிவு இல்லை. இந்தப் பதிவை நம் டொமைனின் டிஎன்எஸ் பக்கத்தில் போட முடியாது. முகவரி யாருடையதோ அவர்களிடம்தான் கேட்க வேண்டும். அவர்கள் போட்டுத் தரும்வரை போஸ்ட்ஃபிக்ஸின் முதன்மை அமைப்பு ஃபைலான மெயின்.சிஎஃப்பில் ஐநெட் புரோட்டோகால்ஸ் என்பதை ஐபிவி4 என்று மட்டும் வைத்தேன். அந்த வரியை மாற்றினால், ஓடும்போதே அமைப்பை மறுபடி படிக்க வைக்கும் ரீலோட் போதாது, நிறுத்தித் தொடங்க வேண்டும்.

வெளியே போகும் வழி சீரானதும் கைபேசியிலிருந்து அனுப்புகிறவர்களின் புகார் வந்தது. 'ரிலே ஆக்சஸ் டினைடு', அதாவது இவர்களுக்காக மெயிலை வெளியே கடத்த முடியாது என்று சர்வர் மறுக்கிறது. பழைய சர்வரில் அலுவலக நெட்வொர்க்கிலிருந்து வந்தால் போதும், கடவுச்சொல் கேட்காமல் எல்லாவற்றையும் அனுப்பிவிடும். வெளியே போய்விட்டால் வழியில்லை. கடவுச்சொல் இல்லாமல் நம்பும் முகவரிகளின் பட்டியலான மைநெட்வொர்க்ஸைப் பெரிதாக்கிவிட்டால் தீர்ந்துவிடுமே என்று ஒரு யோசனை வந்தது. தயவுசெய்து யாரும் அதைச் செய்யாதீர்கள். அந்தப் பட்டியலில் உலகத்தையே சேர்த்தால் உங்கள் சர்வர் ஓப்பன் ரிலே, யார் மெயிலையும் கடத்தும் சர்வர். ஸ்பேம் அனுப்புகிறவர்கள் அப்படிப்பட்ட சர்வரைத் தேடிக்கொண்டே இருக்கிறார்கள். கருப்புப் பட்டியலில் ஏறிவிட்டால் இறங்குவது பெரும்பாடு.

சரியான வழி 587-ஆம் போர்ட்டைத் திறந்து, டிஎல்எஸ்ஸைக் கட்டாயமாக்கி, கடவுச்சொல் கேட்பது. மாஸ்டர்.சிஎஃப் ஃபைலில் அதற்கான வரிகள் ஏற்கெனவே கமெண்டாக இருக்கும். கடவுச்சொல் சரிபார்க்கும் வேலையை டவ்காட் என்ற புரோகிராமிடம் விட்டேன், பயனர்கள் தங்கள் பெட்டியைப் படிக்கும் வழியான ஐமேப்புக்கு எப்படியும் அது இருக்கிறதே. அங்கே ஒரு தடங்கல். பயனர் இணைந்தவுடனே இணைப்பு அறுந்துவிடுகிறது. லாக்கில் 'ப்ரைவேட் ஆத்' என்ற சாக்கெட்டை (இரண்டு புரோகிராம்கள் பேசிக்கொள்ளும் இணைப்பு முனை) தொடமுடியவில்லை என்று இருந்தது. இதற்கும் அதே சிஹெச்ரூட்தான் வேர். டவ்காட் அந்த சாக்கெட்டைத் தன் இடத்தில் உருவாக்காமல் போஸ்ட்ஃபிக்ஸின் ஸ்பூல் கோப்பகத்துக்குள் உருவாக்க வேண்டும், உரிமையாளர் போஸ்ட்ஃபிக்ஸ் பயனராகவும் அனுமதி 0660 (உரிமையாளரும் குழுவும் மட்டும் படிக்க, எழுத) ஆகவும் இருக்க வேண்டும். டவ்காட்டின் அமைப்பில் அந்தப் பகுதியை எழுதியதும் சரியாகிவிட்டது.

இனி மெயில் போகிறது, ஆனால் சிலருக்கு ஸ்பேம் பெட்டியில் விழுகிறது. ஒரு டொமைனின் பெயரில் எந்தெந்த சர்வர் அனுப்பலாம் என்று சொல்லும் எஸ்பிஎஃப் பதிவைப் பார்த்தால் எங்கள் டொமைனில் அது இரண்டு இருந்தது. ஒன்று பழைய சர்வருக்கு, இன்னொன்று செய்திமடல் அனுப்பும் சேவைக்கு. இரண்டும் தனித்தனியே சரியாகத்தான் எழுதப்பட்டிருந்தன. ஆனால் ஒரு டொமைனுக்கு ஒரு எஸ்பிஎஃப் பதிவுதான் இருக்கலாம். இரண்டு இருந்தால் சரிபார்ப்பவர் எதையும் எடுத்துக்கொள்ளாமல் பெர்ம்எரர், அதாவது நிரந்தரப் பிழை, என்று முடித்துவிடுவார். இரண்டையும் ஒரே வரியாக்கி, புதிய முகவரியைச் சேர்த்து, பழையதை நீக்கினேன். அந்த வரிக்குள் டிஎன்எஸ் தேடல் 10-ஐத் தாண்டக் கூடாது என்பதும் நினைவில் இருக்கட்டும். பிறருடைய பதிவை உள்ளே இழுக்கும் இன்க்ளூட்டைச் சேர்த்துக்கொண்டே போகிறவர்கள் அங்கேதான் மாட்டுகிறார்கள்.

மெயில் எங்கள் டொமைனிலிருந்துதான் வந்தது என்று காட்டும் டிகேஐஎம் கையெழுத்துக்கு ஓப்பன்டிகேஐஎம் என்ற புரோகிராமைப் போட்டேன். அதைச் சரிபார்க்க டிஎன்எஸ்ஸில் வைக்கும் 2048 பிட் சாவி, டிஎக்ஸ்டி பதிவின் ஒரே துண்டில் அடங்காது. ஒரு துண்டுக்கு 255 எழுத்துதான் எல்லை, அதனால் மேற்கோள் குறிக்குள் இரண்டாகப் பிரித்துப் போட வேண்டும். அதைவிடத் தலையைச் சொறிய வைத்தது வேறொன்று. ஊழியர்கள் அனுப்பும் மெயிலில் கையெழுத்து இருக்கிறது, இணையதளப் படிவத்திலிருந்து தானாகப் போகும் மெயிலில் இல்லை. ஒரே சர்வர், ஒரே சாவி. இரண்டு மெயிலின் லாக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் விளங்கியது. முதலாவது, வெளியிலிருந்து வாங்கும் புரோகிராமான எஸ்எம்டிபிடி வழியாக உள்ளே வருகிறது. இரண்டாவது, போஸ்ட்ஃபிக்ஸோடு வரும் செண்ட்மெயில் என்ற பெயருடைய கட்டளை மூலம் வருவதால் பிக்அப் என்ற வேறு வாசல். கையெழுத்திடும் புரோகிராமை இணைக்கும் எஸ்எம்டிபிடி மில்டர்ஸ் என்ற வரி முதல் வாசலுக்கு மட்டும். இரண்டாவதற்கு நான் எஸ்எம்டிபிடி மில்டர்ஸ் என்று தனி வரி, 'நான்' என்பது 'அல்லாத' என்ற பொருளில். அதைச் சேர்த்ததும் குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் கிரான் அனுப்பும் மெயிலுக்குக்கூடக் கையெழுத்து வந்தது. 2024 பிப்ரவரியிலிருந்து கூகுளும் யாகூவும் இவற்றைக் கறாராகப் பார்க்கின்றன. எஸ்பிஎஃப், டிகேஐஎம் இரண்டில் ஒன்றாவது எல்லோருக்கும் வேண்டும். மொத்தமாக அனுப்புகிறவர்களுக்கு இரண்டும் வேண்டும், கூடவே, இவை தவறினால் என்ன செய்வது என்று சொல்லும் டிமார்க்கும். சிறிய அலுவலகமானாலும் மூன்றையும் போட்டுவிடுவதே நல்லது.

எம்எக்ஸ் பதிவைப் புதிய சர்வருக்குத் திருப்புவதற்கு முன்பே அதன் டிடிஎல்லை, அதாவது மற்ற சர்வர்கள் அதை நினைவில் வைத்திருக்கும் நேரத்தை, குறைத்து வைத்திருந்தேன். அப்படியும் பழைய முகவரிக்குச் சில மெயில்கள் வந்துகொண்டுதான் இருந்தன. பழைய சர்வரை உடனே அணைக்காமல், வருவதையெல்லாம் புதியதற்குத் தள்ளிவிடும்படி வைத்தேன். டிஎல்எஸ்ஸுக்கான சான்றிதழைப் புதுப்பிக்கும் ஸ்கிரிப்டின் கடைசியில் டவ்காட்டை ரீலோட் செய்யும் வரியைச் சேர்த்தேன். போஸ்ட்ஃபிக்ஸின் எஸ்எம்டிபிடி புரோசஸ்கள் அடிக்கடி மடிந்து புதிதாகப் பிறப்பதால் புதிய சான்றிதழைத் தாமாகவே எடுத்துக்கொள்ளும். டவ்காட் ரீலோட் ஆகும்வரை பழையதையே காட்டும். போஸ்ட்மாஸ்டர் என்ற முகவரியை மாற்றுப் பெயர்களை வைக்கும் அலியாஸ் ஃபைலில் என் பெட்டிக்குத் திருப்பி, அதை நடைமுறைக்குக் கொண்டுவரும் நியூஅலியாசஸ் கட்டளை கொடுத்தேன். அந்த முகவரி எல்லா மெயில் சர்வரிலும் இருந்தே ஆக வேண்டும் என்பது விதி. பழைய சர்வரில் அது ரூட் என்ற நிர்வாகக் கணக்கின் பெட்டிக்குப் போய், யாரும் திறக்காமல் கிடந்தது. திறந்து பார்த்தால், எங்கள் எஸ்பிஎஃப் பதிவு இரண்டாக இருக்கிறது, கவனியுங்கள் என்று வேறொரு சர்வரின் நிர்வாகி எப்போதோ எழுதிய மெயிலும் அதில் இருந்தது. அவருக்கு நன்றி சொல்லிப் பதில் எழுதினேன், புதிய சர்வரிலிருந்து.