முன்பாரம், பின்பாரம்

எழுபதுகளில் கும்பகோணம் ரயில் நிலையத்தில் இறங்கிச் சுற்றுப்புறக் கிராமங்களுக்குப் போகிறவர்களில், பஸ்ஸுக்குக் காத்திருக்கப் பொறுமையில்லாதவர்களுக்கு ஜட்கா வண்டிதான் கதி. வளைந்த கூண்டு, உள்ளே வைக்கோலைப் பரப்பி அதன்மேல் விரித்த கோரைப்பாய், பின்புறம் ஏறுவதற்கு ஓர் இரும்புப் படி, ஏறியவர்கள் உருண்டு விழாமலிருக்கக் குறுக்கே ஒரு கம்பி, இவ்வளவுதான் அதன் சௌகரியங்கள். இரண்டே சக்கரங்கள் என்பதால், அச்சுக்கு முன்னால் பாரம் கூடினால் குதிரையின் முதுகு அழுந்தும். பின்னால் கூடினால் ஏர்க்கால் மேலே எழும்பிக் குதிரையையே தூக்கப் பார்க்கும். ஆகவே வண்டிக்காரருக்குக் குதிரை ஓட்டத் தெரிந்தால் மட்டும் போதாது. ஏற வருகிறவர்களைக் கண்ணாலேயே எடைபோட்டு, மனம் நோகாமல் இடம் மாற்றி உட்காரவைக்கவும் தெரிந்திருக்க வேண்டும்.

சித்திரை மாதத்து உச்சி வெயிலில், ஒரு கல்யாணத்துக்காகப் பாட்டி, அம்மா, அத்தை, சித்தப்பா ஆகியோருடன் நானும் அண்ணனும் அப்படி ஒரு வண்டியின் முன் நின்றோம். பாரவண்டி விலங்குகளுக்கான 1965ஆம் ஆண்டு விதிகளின்படி, ஓட்டுபவரையும் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளையும் தவிர்த்து நான்கு பேருக்குமேல் ஏற்றக் கூடாது. இதனாலேயே அக்காலத்தில் ஜட்கா ஏறிய பிள்ளைகள் எல்லோருக்கும் ஐந்து வயதுதான். மீசை அரும்பத் தொடங்கியிருந்த என் அண்ணனுக்கும் அன்று ஐந்து வயதுதான். வெப்பம் 37 டிகிரியைத் தாண்டும் ஊர்களில் பன்னிரண்டு மணியிலிருந்து மூன்று மணிவரை குதிரையைப் பூட்டவே கூடாது என்றும் அதே விதிகள் சொல்கின்றன. முகூர்த்தக்காரர்களிடம் அதை எடுத்துச் சொல்லக் குதிரைக்கு வாயில்லை.

வண்டிக்காரர் எங்களை ஒரு முறை பார்த்தார். அத்தையை மட்டும் இரண்டு முறை பார்த்தார். பிறகு மிகுந்த மரியாதையுடன், "அம்மா, நீங்க முன்னால வந்துடுங்க, காத்து நல்லா வரும்" என்றார். அத்தை பெருமிதத்தோடு முன்னால் போய் அமர்ந்தார். ஒல்லியான சித்தப்பாவும் டிரங்குப் பெட்டியும் பின்னால் தள்ளப்பட்டார்கள். கடைத்தெருவில் கூட்டத்தை விலக்குவதற்காக வண்டிக்காரர் சவுக்குக் கட்டையைச் சக்கரத்தின் ஆரங்களுக்கிடையே நீட்ட, கடகடவென்று எழுந்த சத்தத்தில் கறிகாய்க்காரர்கள் கூடையோடு ஒதுங்கினார்கள்.

ஊரைத் தாண்டியதும், குதிரையின் வால் முகத்தில் அடிக்கிறது என்று அத்தை பின்னால் நகர்ந்து, சித்தப்பாவை முன்னால் அனுப்பிவிட்டார். சமதரையில் குதிரை எப்படியோ சமாளித்தது. ஆற்றுப் பாலத்து ஏற்றம் வந்தபோது, ஆண்பிள்ளைகள் இறங்கி நடப்பதுதான் முறை என்று சித்தப்பா கடமையுணர்வோடு முன்பக்கமாகக் குதித்தார். மறுகணம் ஏர்க்கால்கள் வானத்தைப் பார்த்தன. வயிற்றுப் பட்டை இறுகி, குதிரையின் முன்னங்கால்கள் தரையைத் தேடின. உள்ளே இருந்த நாங்கள் அனைவரும் அத்தையின் மடியில் சேர்ந்தோம். வண்டிக்காரர் ஒரு ஏர்க்காலைப் பிடித்துத் தொங்கினார். பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் கற்பிக்கும் சித்தப்பாவோ, உதவிக்கு வருவதற்குப் பதிலாக, "இதைத்தான் நெம்புகோல் தத்துவம் என்பது. அச்சுதான் ஆதாரப்புள்ளி" என்று நடுரோட்டில் நின்று தொடங்கிவிட்டார்.

"வாத்தியாரய்யா, பாடத்தை அப்புறம் நடத்தலாம், மொதல்ல வந்து இந்தப் பக்கம் தொங்குங்க!" என்று கத்தினார் வண்டிக்காரர்.

விஞ்ஞானம் ஒருபுறமும் அனுபவம் மறுபுறமுமாகத் தொங்கியதில் குதிரை தரைக்கு வந்தது. ஒரு கனைப்புக்கூட இல்லாமல் அது நின்ற நிதானத்தைப் பார்த்தால், கல்யாண சீசனில் இதெல்லாம் அதற்குப் பழக்கம் என்றே தோன்றியது. அத்தை மறுபடியும் காற்று வரும் இடத்துக்கு அழைத்துச் செல்லப்பட்டார்.

கல்யாண வீட்டு வாசலில் வண்டிக்காரர் பேசிய கூலிக்குமேல் எட்டணா கேட்டார். எதற்கு என்று சித்தப்பா மடக்கியபோது, அவர் அத்தையைப் பார்த்தார், தலையைச் சொறிந்தார், பிறகு, "குதிரைக்குக் கொள்ளு வாங்கணுங்க" என்று தரையைப் பார்த்துச் சொன்னார்.

அத்தைக்கு மனம் இளகிவிட்டது. இடுப்பிலிருந்து சுருக்குப்பையை எடுத்து முழு ரூபாயாகவே அவர் கையில் வைத்து, "பாவம், வாயில்லாத ஜீவன். இந்தப் பயல்கள் ரெண்டு பேரும் என்னமாக் கனக்கிறான்கள்!" என்றார்.