மலாவியில் சித்தியின் ஆஸ்பத்திரி

சித்தி மலாவிக்குப் போனபோது நான் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தேன். அம்மாவின் தங்கை, கன்னியாஸ்திரி, நர்ஸ். மூன்று நான்கு வருடத்துக்கு ஒருமுறை லீவில் நாகர்கோவிலுக்கு வருவார். வந்த நாலாம் நாளே திரும்பிப் போகிற பேச்சை எடுத்துவிடுவார். அங்கே அப்படி என்னதான் இருக்கிறது என்று பார்த்துவிட இந்த பிப்ரவரியில் கிளம்பினேன். மும்பை, அடிஸ் அபாபா, லிலோங்வே. அப்புறம் சலிமா வரை மினிபஸ். அங்கிருந்து மலாவி ஏரியை ஒட்டி வடக்கே போகும் எம்5 சாலை. கடைசிக் கொஞ்ச தூரம் செம்மண் பாதை என்பதால் கபாசா. நம் ஊர் ஆட்டோ மாதிரி அங்கே சைக்கிள் டாக்சி. கேரியரில் மெத்தை வைத்துத் தைத்திருந்தார்கள்.

பிப்ரவரி அங்கே கஷ்டமான மாதம். வழியெல்லாம் மக்காச்சோளம் ஆளுயரத்துக்குப் பச்சையாக நிற்கிறது. ஆனால் அறுவடைக்கு இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது. போன வருடத்துச் சோளம் பல வீடுகளில் தீர்ந்திருக்கும். மழைத் தண்ணீர் தேங்கிக் கொசு பெருகுவதும் இப்போதுதான். பசியும் மலேரியாவும் சேர்ந்து வருகிற இந்த மாதங்களில் சித்தி லீவு போடுவதே இல்லையாம்.

சித்தியின் ஆஸ்பத்திரிக்குச் செங்கல் சுவர், தகரக் கூரை. டாக்டர் கிடையாது. கிளினிக்கல் ஆபீசர் ஒருவர்தான் டாக்டர் வேலையைப் பார்க்கிறார். சித்தியோடு சேர்த்து நான்கு நர்ஸ்கள், ஒரு லேப் உதவியாளர், ஒரு டிரைவர், ஒரு காவல்காரர். நோயாளியோடு வருகிறவர்களை அங்கே கார்டியன் என்கிறார்கள். படுக்கை விரிப்பது, துணி துவைப்பது, சமைப்பது எல்லாம் அவர்கள் பாடு. பின்பக்கக் கொட்டகையில் நாள் முழுக்க விறகுப் புகையும் சோள மாவைக் கிண்டும் வாசனையும்தான். அந்தக் களிக்கு 'ந்சிமா' என்று பெயர்.

காலை ஐந்து மணிக்குச் சின்ன சேப்பலில் ஜெபம். முடிந்ததும் சித்தி முதலில் போவது தடுப்பூசி ஃபிரிட்ஜுக்கு. சோலாரில் ஓடும் பெட்டி அது. 2 டிகிரியிலிருந்து 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். காலையும் மாலையும் பார்த்து அட்டையில் குறிக்கிறார். மலேரியாத் தடுப்பூசியை வழக்கமான தடுப்பூசிகளோடு சேர்த்துப் போட உலகிலேயே முதலில் தொடங்கிய நாடு மலாவி, 2019 ஏப்ரலில். "இது இங்கே வருகிறதற்கு எத்தனை வருஷம் காத்திருந்தோம் தெரியுமா மக்களே, சூட்டில் கெட்டுப்போக விடலாமா?" என்றார்.

அதற்குள் வெளியே முந்நூறு பேராவது உட்கார்ந்திருப்பார்கள். சிதெஞ்சே என்ற பூப்போட்ட துணியால் குழந்தையை முதுகில் கட்டிய தாய்மார்கள்தான் அதிகம். ஏரிக்கரைப் பக்கம் முஸ்லிம்களும் நிறைய. வரிசையில் முக்காடுகளும் தெரிந்தன. "முலி ப்வாஞ்சி", நலமா என்று எல்லாரையும் கேட்டு, பதிலையும் கேட்டுக்கொண்ட பிறகுதான் அங்கே வேலை ஆரம்பிக்கிறது. மிஷன் ஆஸ்பத்திரி என்றால் மருந்தோடு பிரசங்கமும் இருக்கும் என்று நினைத்திருந்தேன். நான் இருந்த ஒன்பது நாளில் சித்தி யாரிடமும் மதம் பேசவில்லை. காய்ச்சல் எத்தனை நாள், சாப்பிட்டதா, வலிப்பு வந்ததா? இவ்வளவுதான்.

குழந்தைகளின் புஜத்தில் ஒரு அளவு நாடாவைச் சுற்றிப் பார்க்கிறார்கள். 11.5 சென்டிமீட்டருக்குக் கீழே போனால் சிவப்பு, அதாவது கடுமையான சத்துக்குறைவு. அந்தக் குழந்தைக்கு 'சிபொண்டே' பாக்கெட் தருவார்கள். பால்பவுடர், எண்ணெய், சர்க்கரை சேர்த்து அரைத்த வேர்க்கடலை விழுது அது. ஒரு இரண்டு வயதுப் பையன் பாக்கெட்டின் மூலையைக் கடித்துச் சப்பிக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். முகம் கிழவர் முகம் போலச் சுருங்கியிருந்தது. பாக்கெட் தீர்ந்ததும் அதைப் பிளந்து உள்பக்கத்தை நக்கினான். எனக்கு அங்கே நிற்க முடியவில்லை.

லேப் என்பது ஜன்னலோரத்தில் ஒரு மேசை. விரல் நுனியிலிருந்து ஒரு சொட்டு ரத்தம் எடுத்துச் சோதனைப் பட்டையில் விட்டு, பதினைந்து நிமிடம் காத்திருப்பு. ஒரு கோடு என்றால் மலேரியா இல்லை, இரண்டு கோடு என்றால் உண்டு. இரண்டாவது கோடு எவ்வளவு மங்கலாக இருந்தாலும் உண்டுதான். லேப் உதவியாளருக்கு ஐம்பது வயதுக்கு மேல். ஒவ்வொரு பட்டையையும் ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்து, கையை நீட்டி, மறுபடி கண்ணுக்கு அருகில் கொண்டுவந்து பார்க்கிறார். சந்தேகம் வந்தால் நர்ஸைக் கூப்பிடுகிறார்.

இங்கே வருவதற்கு முன் ஏரியின் தென்கோடியில் கேப் மக்ளியருக்குப் போயிருந்தேன். டாக்டர் ராபர்ட் லாஸ் இருந்த ஸ்காட்லாந்து மிஷன் 1875-ல் முதலில் இறங்கிய இடம். காய்ச்சலில் செத்தவர்களின் கல்லறைகள் மரத்தடியில் இன்றும் இருக்கின்றன. 1881-ல் ஏரிக்கரையிலேயே வடக்கே பண்டாவேக்கு மாறினார்கள். காய்ச்சல் அங்கேயும் விடவில்லை. 1894-ல் மலைமேல் கொண்டோவேக்கு ஏறிப் போனார்கள். இந்த மலேரியாக் காய்ச்சலைப் பரப்புவது கொசு என்று ரொனால்ட் ராஸ் நம் செகந்திராபாத்தில் கண்டுபிடித்தது 1897-ல்தான். காரணமே தெரியாத எதிரியிடமிருந்து இருபது வருடம் ஓடியிருக்கிறார்கள். அந்த ஜன்னலோர மேசையைப் பார்க்கும்போதெல்லாம் அந்தக் கல்லறைகள் நினைவுக்கு வந்தன.

ஐந்தாம் நாள் ராத்திரி ஒரு அப்பா சைக்கிளில் மூன்று வயதுப் பெண்ணைக் கொண்டுவந்தார். பாட்டி பின்னால் உட்கார்ந்து மடியில் பிடித்திருந்தார். வலிப்பு நின்று குழந்தை துவண்டு கிடந்தது. டார்ச்சைப் பிடிக்கச் சொன்னார் சித்தி. முதலில் ரத்தச் சர்க்கரை. இறங்கியிருந்தது, குளுக்கோஸ் ஏற்றினார். பிறகு எடை, 11 கிலோ. ஆர்ட்டெசுனேட் என்ற மலேரியா ஊசிமருந்துப் புட்டியில் கரைசலைச் செலுத்தி, பொடி முழுக்கக் கரைந்து தெளியும்வரை குலுக்கினார். அத்தனை அவசரத்திலும் அந்தப் புட்டியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்க மறக்கவில்லை. ஊசி போட்டதும் குழந்தையின் உள்ளங்கையைத் தன் உள்ளங்கைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். காகிதம் மாதிரி வெளுத்திருந்தது. "ரத்தம் ஏத்தணும். இங்கே ஆகாது" என்றார். டிரைவரை எழுப்பி, டீசல் அளந்து ஊற்றி, மாவட்ட ஆஸ்பத்திரிக்கு அனுப்பும்போது மணி இரண்டு.

சித்தி அதற்குப் பிறகும் தூங்கவில்லை. பதிவேட்டில் எழுதினார். எடுத்த ஊசிமருந்தை ஸ்டாக் அட்டையில் கழித்தார். பிறகு ஒரு நோட்டைத் திறந்தார். பெரியவர்களுக்குச் சின்னக் கட்டணம் உண்டு. இப்போது கையில் இல்லாதவர்கள் அறுவடைக்குப் பிறகு தருவார்கள், அந்தக் கணக்கு. "இந்த ஊரில் நான் முதலில் கத்துக்கிட்ட வார்த்தை 'பாலிபே'. இல்லை என்று அர்த்தம். 'மன்குவாலா பாலிபே', மருந்து இல்லை. நடந்து வந்தவளிடம் அதைச் சொன்னால், அவள் சிக்கோமோ, நன்றி என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடப்பாள். அதைக் கேட்கத்தான் முடியாது மக்களே. அதனாலதான் எண்ணிக்கிட்டே இருக்கேன்."

லீவில் வந்த நாலாம் நாளே அவர் ஏன் திரும்பிப் போகிற பேச்சை எடுத்தார் என்று அப்போதுதான் புரிந்தது.

அதிலிருந்து நான்காம் நாள் அந்தப் பெண் குழந்தை திரும்பி வந்தாள். இன்னும் நடக்கவில்லை, பாட்டி முதுகில்தான். பாட்டி வாசலிலேயே முழங்காலை மடக்கிக் கைதட்டி வணங்கினார். அங்கே மரியாதை அப்படித்தான். சித்தி உள்ளங்கையைப் பிடித்துப் பார்த்தார். லேசாகச் சிவப்பு ஏறியிருந்தது. அன்று இரவு முருங்கைக்கீரை பொரியலும், ஏரியில் பிடித்து உலர்த்திய உசிபா மீன் குழம்பும் வைத்தார். உசிபா நம் நெத்திலிக் கருவாட்டுக்குத் தம்பி. முருங்கையை அந்த ஊர்க்காரர்கள் 'சம்வம்பா' என்கிறார்கள். அவர்களும் கீரையை உண்கிறார்கள்.

கிளம்பும் காலையில், அடுத்த முறை என்ன கொண்டுவரட்டும் என்று கேட்டேன். கடுகு, புளி என்று ஏதாவது சொல்வார் என நினைத்தேன். ஜன்னலோர மேசையைப் பார்த்தபடி, "படிக்கிற கண்ணாடி, பிளஸ் இரண்டு, ஒரு நாலு வாங்கிட்டு வா" என்றார்.