உயிலும் இரண்டு சாட்சிகளும்

உயில் வழக்குக் கட்டுகளைப் பிரித்துப் பார்த்தால், யாருக்கு எவ்வளவு என்ற சண்டைக்கு முன்னால் நிற்பது வேறொரு கேள்வி: உயில் எழுதியவர் கையெழுத்துப் போட்டதை யார் பார்த்தது?

1925-ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 63-ஆம் பிரிவு கேட்பது கொஞ்சம்தான். (முஸ்லிம்களுக்கு இது பொருந்தாது.) எழுதுபவர் கையெழுத்தோ கைநாட்டோ வைக்க வேண்டும். குறைந்தது இரண்டு பேர் அதைக் கண்ணால் பார்த்திருக்க வேண்டும், அல்லது ‘இது என் கையெழுத்துதான்’ என்று அவரே சொல்லக் கேட்டிருக்க வேண்டும். பிறகு அந்த இருவரும் அவர் கண்முன்னே சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். முத்திரைத்தாள் தேவையில்லை, வெள்ளைத்தாள் போதும்.

சறுக்குவது இந்தக் கடைசிப் படியில்தான். அப்பா வீட்டில் கையெழுத்துப் போட்டுவிடுவார். மகன் தாளை எடுத்துக்கொண்டு போய்த் தெரிந்த இருவரிடம் சாட்சிக் கையெழுத்து வாங்கி வருவார். தாளில் ஒரு குறையும் தெரியாது. பல வருடம் கழித்துக் குறுக்கு விசாரணையில் ‘அப்போது நீங்கள் எங்கே இருந்தீர்கள்?’ என்று கேட்டதும் உயில் சாய்ந்துவிடும். எழுதியவர் மனதார விரும்பிய ஏற்பாடு அரை மணி நேரச் சோம்பலால் வீணாவதைப் பார்க்க வேதனையாக இருக்கும்.

‘பதிவு செய்துவிட்டோமே’ என்பார்கள். பதிவு கட்டாயமில்லை, ஆனால் நல்லது. தாள் தொலைந்தாலும் நகல் கிடைக்கும், இடையில் யாரும் பக்கத்தை மாற்ற முடியாது. ஆனால் பதிவான உயிலையும் நீதிமன்றத்தில் மெய்ப்பிக்க, சாட்சிகளில் உயிரோடு இருக்கும் ஒருவராவது வந்து சொல்லியாக வேண்டும். பழைய சாட்சியச் சட்டத்தில் 68-ஆம் பிரிவாக இருந்த இந்த விதி, 2024 ஜூலை 1 முதல் பாரதிய சாக்ஷ்ய அதிநியத்தில் 67-ஆம் பிரிவு. அதனால்தான் எழுபத்தைந்து வயதுக்காரர் தன் நடைப்பயிற்சி நண்பர்கள் இருவரைச் சாட்சியாக அழைப்பது சரியான யோசனை அல்ல. அவர்களும் போய்விட்டால், கையெழுத்தை அடையாளம் காட்ட வேறு ஆள் தேட வேண்டும். எழுதுபவரைவிட இருபது வயதாவது இளையவர், ஊர் மாறினாலும் கண்டுபிடிக்கக்கூடியவர், உயிலில் எதுவும் பெறாதவர் — இப்படி இருவர் வேண்டும். முழுப்பெயர், தந்தை பெயர், முகவரி மூன்றையும் கையெழுத்தின் கீழே எழுத வைக்க வேண்டும்.

உயிலில் பங்கு பெறுபவரே சாட்சியாக நின்றால், கிறிஸ்தவர்களுக்கு வாரிசுரிமைச் சட்டத்தின் 67-ஆம் பிரிவின்படி அவருக்கு எழுதியது செல்லாது, மற்றவை நிற்கும். இந்துக்களுக்கு அந்தப் பிரிவு இல்லை, ஆனால் சந்தேகம் வரும். அதிகப் பங்கு பெறுபவரே உயிலை எழுதவைக்கவும் முன்நின்றால், அந்தச் சந்தேகத்தைப் போக்கும் பொறுப்பு அவருடையது என்று 1958-லேயே உச்ச நீதிமன்றம் வெங்கடாசல ஐயங்கார் வழக்கில் சொல்லிவிட்டது. ஆகவே பங்கு பெறும் பிள்ளை அன்றைக்கு அந்த அறையில் இருக்காமல் இருப்பதே அவருக்கு நல்லது. ஒரு மகளை விட்டுவிட்டால் ஏன் என்று ஒரு வரி எழுத வேண்டும். அவள் பெயரே இல்லாத உயில் மறதியில் எழுதியது என்று வாதிடப்படும்.

அடித்துத் திருத்துவதும் அப்படித்தான். திருத்திய இடத்தருகே எழுதியவரும் இரு சாட்சிகளும் கையெழுத்திடாவிட்டால் திருத்தம் செல்லாது. புதிதாக எழுதிவிடுவது எளிது.

உயிலில் சொன்னபடி சொத்தைப் பிரித்துக் கொடுக்கும் நிறைவேற்றாளர் ஒருவரைப் பெயர் சொல்லிக் குறிப்பிட வேண்டும். உயில் மெய்யானது என்று நீதிமன்றம் தரும் சான்றான புரோபேட் அவருக்குத்தான் கிடைக்கும். பெயர் இல்லாவிட்டால் உயிலை இணைத்து, சொத்தை நிர்வகிக்க நீதிமன்ற ஆணை கேட்டு மனுப் போட வேண்டியிருக்கும்.

மூலத்தை எங்கே வைப்பது? பலர் வங்கி லாக்கரில் வைக்கிறார்கள். லாக்கர் ஒருவர் பெயரில் மட்டும் இருந்து நியமனதாரரும் இல்லையென்றால், லாக்கரைத் திறக்க உரிமை காட்ட வேண்டும், அதைக் காட்டும் தாளோ உள்ளே இருக்கும். பதிவுச் சட்டத்தின் 42-ஆம் பிரிவின்படி, முத்திரையிட்ட உறையில் மாவட்டப் பதிவாளரிடம் ஒப்படைக்கலாம். அப்படிச் செய்தால், ஒப்படைத்த ரசீது எங்கே இருக்கிறது என்று நிறைவேற்றாளருக்குச் சொல்லி வைக்க வேண்டும்.