மாமனாருக்கு மூன்று பெயர்

இறந்துபோன மாமனாரின் வயலை மனைவி பெயருக்கு மாற்றிய உரிமைச் சான்றிதழ் போன வாரம்தான் கைக்கு வந்தது. 1,400 சதுர மீட்டர் நெல்வயல், உள்ளூர்க் கணக்கில் ஏறக்குறைய 100 உபின், அதற்கு முழுசாக ஒன்றரை வருஷம். எரிச்சல் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன், ஆறிவிட்டால் பாதி மறந்துபோகும்.

மனைவி ஜாவாக்காரி, நான் தஞ்சாவூர்ப் பக்கம். சிங்கப்பூரில் வேலை பார்த்தபோது பழக்கமாகி, இப்போது அவள் ஊரில், சோலோ நகரத்திலிருந்து பஸ்ஸில் இரண்டு மணி நேரத்தில் இருக்கிற ஒரு மலையடிவாரக் கிராமத்தில் மாமியாரோடு இருக்கிறோம். இந்தோனேசியாவின் 1960 நிலச் சட்டப்படி வெளிநாட்டவருக்கு முழு உரிமை நிலம் கிடையாது, அதனால் இந்தக் கதையில் என் பெயர் எந்தக் காகிதத்திலும் வராது. மோட்டார் சைக்கிள் ஓட்டியதும் பெஞ்சில் உட்கார்ந்ததும்தான் என் பங்கு.

வயலுக்கு எங்களிடம் இருந்தது ஒரு கோங் குவான் பிஸ்கட் டின் நிறைய வரி ரசீது. கிராம அலுவலகத்தில் லெட்டர் சே என்று ஒரு பழைய பேரேடு இருக்கும், யார் எந்த நிலத்துக்கு வரி கட்டினார்கள் என்று. ஊரே அதை நம்பித்தான் வாழ்ந்தது. அது உரிமைப் பத்திரம் இல்லை. 2021ல் வந்த அரசாணை இந்த மாதிரி பழைய காகிதங்களுக்கு ஐந்து வருஷக் கெடு வைத்தது, 2026 பிப்ரவரியோடு சரி, அதற்கப்புறம் அது வெறும் அடையாளத்துக்குத்தான். அரசாங்கமே ஊர் ஊராக வந்து மொத்தமாகப் பதிந்து கொடுக்கும் திட்டத்தில் எங்கள் ஊரும் வந்தது. ஜாவாவில் அதற்கு முன்தயாரிப்புக் கட்டணம் 1,50,000 ரூப்பியாதான். எங்கள் காகிதம் தயாராக இல்லை, வண்டி போய்விட்டது. உங்கள் ஊருக்கு அந்தத் திட்டம் வந்தால் கடன் வாங்கியாவது அதிலேயே முடித்துவிடுங்கள். தனியாகப் போனால் சர்வே கட்டணம் வேறு, அலைச்சல் வேறு.

காகிதம் ஏன் தயாராக இல்லை என்றால், மாமனார் பெயர். ஜாவாவில் அந்தக் காலத்து ஆண்களுக்குச் சின்ன வயதில் பாயிமின், சுகிமின் மாதிரி ஒற்றைப் பெயர். கல்யாணமானதும் கார்த்தோ என்றோ விர்யோ என்றோ தொடங்கும் ‘பெரியவர் பெயர்’ ஒன்று சூட்டுவார்கள், அதற்கு விருந்தும் உண்டு. மனைவியின் பள்ளிச் சான்றிதழில் அப்பாவின் சின்ன வயதுப் பெயர். மாமனாரின் பழைய அடையாள அட்டையில் இரண்டையும் ஒட்டவைத்து ஒன்று. லெட்டர் சேயில் பெரியவர் பெயர், அதுவும் பழைய எழுத்தில். 1972ல் எழுத்துச் சீர்திருத்தம் வருவதற்கு முன்னால் ‘ஜ’ ஒலிக்கு டி, ஜே என்று இரண்டு எழுத்து போடுவார்கள், பிறகு ஜே மட்டும். இன்ஷியலை எந்தப் பக்கம் போடுவது என்று பாஸ்போர்ட் ஆபீசில் திண்டாடியவன் நான், எனக்கே தலை சுற்றியது. நில அலுவலகத்தில் கவுன்டரில் இருந்த பையன் மூன்றையும் வரிசையாக வைத்துப் பார்த்துவிட்டு, “இது மூணு பேரு” என்றான்.

தீர்வு என்னவோ எளிதுதான்: மூன்று பெயரும் ஒரே ஆள் என்று கிராமத் தலைவர் ஒரு கடிதம் கொடுத்தால் போதும். அந்தக் கடிதத்துக்கு நான்கு தடவை போனேன். கிராமச் செயலாளரை இங்கே சாரிக் என்பார்கள். தங்கமான மனுஷன், ஆனால் ‘பேசோக்’ என்பார். அகராதியில் அதற்கு ‘நாளை’ என்று போட்டிருக்கும், நம்பாதீர்கள், இன்றைக்கு இல்லை என்பது மட்டும்தான் அதில் நிச்சயம். அதேபோல ‘ங்கிஹ்’ என்று தலையாட்டினால் சரி என்று எடுத்துக்கொள்ளக் கூடாது, காதில் விழுந்தது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது இறந்த தேதி. மாமியாருக்குக் கிழமை துல்லியமாகத் தெரியும்: ஜாவா நாட்காட்டியில் சுரா மாதம், ‘புதன் போன்’ என்கிற கிழமை. சுஹார்த்தோ பதவி போனதற்கு மறு வருஷம். ஆனால் படிவத்துக்கு ஆங்கிலத் தேதி வேண்டும், ஏதாவது ஒன்றைப் போடுங்கள் என்றார் சாரிக். எனக்கு மனசு கேட்கவில்லை. ஜாவாவில் ஏழு நாள் வாரமும் ஐந்து நாள் சந்தை வாரமும் (போன் அதில் ஒரு நாள்) சேர்ந்து ஓடும், ஒரு சேர்க்கை மறுபடி வர 35 நாள் ஆகும், ஜாவா மாதத்துக்கோ 30 நாளுக்கு மேல் கிடையாது. ஆக ஒரு மாதத்தில் ஒரு புதன் போனுக்கு மேல் வர முடியாது. ராத்திரி உட்கார்ந்து எண்ணிப் பார்த்தேன்: 1999 ஏப்ரல் 28. மாமியார் அதைக் கேட்டு, “அதைத்தானே சொன்னேன்” என்றார்.

வாரிசுக் கடிதத்தில் மாமியாரோடு பிள்ளைகள் மூன்று பேரும் கையெழுத்துப் போட வேண்டும். மச்சான் சுமத்ராவின் லாம்புங்கில், குடியேற்றத் திட்டத்தில் போன சித்தப்பாவோடு போய் அங்கேயே தங்கிவிட்டவர். மனைவியின் அக்கா ஜகார்த்தா பக்கம் பெக்காசியில் கணவரோடு பக்சோ (இறைச்சி உருண்டை சூப்) வண்டி போட்டிருக்கிறார். எல்லோரும் ஒன்றாக ஊருக்கு வருவது லெபாரான் என்கிற நோன்புப் பெருநாளுக்கு மட்டும்தான், அந்த வாரம் பூராவும் அலுவலகங்கள் பூட்டியிருக்கும்! பங்கு விஷயத்தில் சண்டை வரும் என்று பயந்தேன். ஆணுக்குக் காவடிச் சுமை இரண்டு கூடை, பெண்ணுக்கு முதுகுச் சுமை ஒரு கூடை என்று பழைய வழக்கம் ஒன்று உண்டு. மச்சான் அதை எடுக்கவே இல்லை, அம்மாவைப் பார்க்கிறவளுக்கே வயல் என்று ஒரே வாக்கில் முடித்துவிட்டார். பெருநாளுக்கு மறுநாள் சாரிக்கை வீட்டுக்கு அழைத்தோம், சாரோங்கோடு வந்து கெத்துப்பாட் (ஓலையில் வேகவைத்த சோறு) சாப்பிட்டுவிட்டுச் சாட்சிக் கையெழுத்துப் போட்டார். அன்றைக்கு நான் ராஜா.

அந்தச் சந்தோஷம் மூன்று வாரம்கூட நிற்கவில்லை. 10,000 ரூப்பியா மெத்தராய் (வருவாய்) ஸ்டாம்பு ஒட்டியிருந்தோமே, அதன் மேல் ஏறிப் படும்படி கையெழுத்து விழ வேண்டும். மச்சான் மரியாதையாக ஸ்டாம்புக்குப் பக்கத்தில் போட்டிருந்தார். செல்லாது. புதுக் காகிதம் கூரியரில் லாம்புங் போய்த் திரும்பி வந்தது. ஸ்டாம்பை ஆன்லைனில் மலிவாக வாங்காமல் தபால் நிலையத்தில் வாங்குங்கள், ஒன்றிரண்டு கூடுதலாகவே வாங்குங்கள்.

என்னால் ஒரு பயணம் வீணானதையும் சொல்ல வேண்டும். அலுவலக பெஞ்சில் என்னைப் பார்த்த ஒரு அம்மாள், கணவர் வெளிநாட்டவரா, அப்படியானால் சொத்துப் பிரிப்பு ஒப்பந்தம் இல்லாமல் கோப்பை வாங்க மாட்டேன் என்று திருப்பி அனுப்பிவிட்டார். வாங்குகிற நிலம் என்றால் அந்தப் பேச்சு நியாயம்தான், 2016ல் அரசியல் சட்ட நீதிமன்றம் சொன்ன பிறகு கல்யாணத்துக்கு அப்புறமும் அந்த ஒப்பந்தம் போடலாம். ஆனால் இது அப்பா வழி வந்தது. 1974 திருமணச் சட்டத்தின் 35ஆம் பிரிவில் பரம்பரைச் சொத்து தம்பதியின் பொதுச் சொத்தில் சேராது என்று இருக்கிறது. அடுத்த வாரம் அந்தப் பிரிவை அச்சடித்து எடுத்துக்கொண்டு மனைவி தனியாகப் போனாள். வேறொரு பெரியவர் இருந்தார், காகிதத்தை வாங்கிக்கூடப் பார்க்காமல் சரி என்றார். நான் வெளியே சோத்தோ சூப் கடையில் ஒளிந்திருந்தேன். என்னைப் போன்ற மாப்பிள்ளைகள் அங்கேயே இருப்பது நல்லது.

அளவைக்கு வந்தவர்கள் கருவியோடு வந்து ஒரு மணி நேரத்தில் முடித்தார்கள். மாமியார் கொதிக்கக் கொதிக்க, கெட்டியாக, சர்க்கரை தூக்கலாக டீயும் வாழைப்பழ பஜ்ஜியும் கொடுத்தார். நான்கு பக்கமும் எல்லைக்காரர் கையெழுத்து வேண்டும். ஒரு பக்கம் கிராம அதிகாரியின் சம்பளத்துக்கு விடப்பட்ட பெங்கோக் நிலம், அதற்கு அலுவலகமே போட்டுவிட்டது. தெற்குப் பக்கத்துக்காரர் மட்டும் முறுக்கினார். அவர் வருஷா வருஷம் மண்வெட்டியால் வரப்பைச் சுரண்டிச் சுரண்டி எங்கள் பக்கம் முக்கால் அடி வந்திருக்கிறார், அளந்தால் தெரிந்துவிடுமே. கடைசியில் மாமியாரே போய், வரப்பு இப்போது இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும் என்று விட்டுக்கொடுத்துவிட்டு வந்தார். எனக்கு வயிறு எரிந்தது. மாமியாருக்கு நாற்பது வருஷப் பக்கத்து வயல், நடவுக்கு ஆள் வேண்டும்.

மீதி ஒரு தொல்லையும் இல்லை. வாரிசு வரி பூஜ்யம்தான், பூஜ்யம் என்று முத்திரை மட்டும் வாங்க வேண்டும். அறிவிப்புக் காலம் யாரும் ஆட்சேபிக்காமல் கழிந்தது.

வந்த சான்றிதழ் பழைய பச்சை அட்டைப் புத்தகம் இல்லை, இப்போதெல்லாம் க்யூஆர் போட்ட ஒற்றைத் தாள். மாமியார் திருப்பித் திருப்பிப் பார்த்து, “இவ்வளவுதானா?” என்றார். பிஸ்கட் டின்னில் இருந்த ரெங்கினாங் என்கிற அரிசி வடகத்தை எடுத்துவிட்டு அதில் வைத்திருக்கிறோம். வரிச் சீட்டு இன்னும் மாமனாரின் மூன்றாவது பெயரில்தான் வருகிறது. அறுவடை முடியட்டும் என்கிறாள் மனைவி. சாரிக்கும் அதையேதான் சொன்னார், பேசோக் என்று.