முதல் வரியோடு நின்றுபோன பதிவு

எங்கள் குழுவின் இளம் பொறியாளர் ஒருவர் கெர்னலுக்கு, அதாவது இயங்குதளத்தின் மையக் கருவுக்கு, அனுப்பிய பேட்சை (திருத்தத்தை) மறுத்து நான் எழுதிய பதிலை இன்றும் வரி பிசகாமல் சொல்ல முடியும். "மேப்பிங் பாயிண்டரே கெட்டுப்போயிருக்கிறது என்றால் கெர்னல் ஏற்கெனவே நம்பத்தகாத நிலைக்கு வந்துவிட்டது. அதற்குமேல் அதை விழாமல் காப்பதில் என்ன பயன்?" எழுதியபோது அது எனக்கு மிகச் சரியாகவே பட்டது.

அந்த இளம் பொறியாளர் கொண்டுவந்தது புதுக் கற்பனை எதுவும் அல்ல. 2020-இல் லினக்ஸ் கெர்னலில் சேர்ந்த ஒரு மாற்றத்தை எங்கள் 5.4 பதிப்புக் கிளைக்கு எடுத்துவந்திருந்தார். ஒரு நினைவகப் பக்கத்தின் விவரங்களை அச்சிடும் 'டம்ப் பேஜ்' என்ற செயற்கூறு, மேப்பிங் பாயிண்டரை, அதாவது அந்தப் பக்கம் எந்தக் கோப்பைச் சேர்ந்தது என்று காட்டும் முகவரியை, நேரடியாகப் பின்தொடரக் கூடாது, 'நோஃபால்ட்' வகை வாசிப்பின் வழியாகவே தொட வேண்டும் என்பதுதான் அதன் சாரம். முகவரி செல்லாததாக இருந்தால் பிழை எழத்தான் செய்யும். ஆனால் கெர்னல் அந்த இடத்துக்கென்று குறித்துவைத்த மீட்புப் பாதையை அட்டவணையில் கண்டு, பிழை எண்ணோடு திரும்பிவிடும், ஊப்ஸ் எனப்படும் கெர்னல் விபத்து அறிக்கை வராது.

மறுப்பைப் படித்துவிட்டு அவர் என் மேசைக்கு வந்து ஒன்றுதான் கேட்டார். "சார், பக்கம் கெட்டுப்போனால்தானே டம்ப் பேஜையே கூப்பிடுகிறோம்? கெட்டதைப் பார்க்க வந்த இடத்தில் எல்லாம் நல்லதாகவே இருக்கும் என்று எப்படி எடுத்துக்கொள்வது?" அதற்கு நான் நேரான பதில் சொல்லவில்லை. அந்த மாற்றத்திலேயே இருந்த ஒரு குறிப்பைச் சுட்டிக்காட்டினேன்: டென்ட்ரி (கோப்பின் பெயரைத் தாங்கும் அமைப்பு) கெட்டிருந்தால் பெயரை அச்சிடும்போது இன்னமும் விழக்கூடும், அதற்கு வாய்ப்பு குறைவு என்று எழுதியவர்களே ஒப்புக்கொண்டிருந்தார்கள். பாதிப் பாதுகாப்புக்காக இவ்வளவு சிக்கல் எதற்கு என்றேன். அவர் தலையசைத்துவிட்டுப் போனார். அந்தத் தலையசைப்பைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

சில மாதங்கள் கழித்து, வாடிக்கையாளர் இடத்திலிருந்த ஒரு ஆர்ம் 64 செயலிச் சாதனம் விழுந்தது. சீரியல் பதிவில் மோசமான பக்கம் என்ற எச்சரிக்கை, அதன்கீழ் டம்ப் பேஜின் முதல் வரி, அதற்கடுத்து உடனே ஊப்ஸ். பிழை எழுந்த முகவரி dead000000000400. பல பக்கங்களைச் சேர்த்து ஒன்றாக்கிய கூட்டுப் பக்கத்தில், முதல் பக்கம் தவிர்த்த வால் பக்கங்களில் கெர்னல் வேண்டுமென்றே போட்டுவைக்கும் செல்லாத நச்சு மதிப்பு அது. டம்ப் பேஜ் முதலில் படிக்கும் 'ஹோஸ்ட்', மேப்பிங் அமைப்பின் முதல் உறுப்பே என்பதால், கூட்டலோ கழித்தலோ இல்லாமல் அந்த மதிப்பு அப்படியே திரையில் வந்து நின்றது.

இங்கேதான் என் மனம் எனக்காக வாதாடத் தொடங்குகிறது. ஊப்ஸே முகவரியைச் சொல்லிவிட்டதே, வால் பக்கமாக இருந்த ஒன்று சரியாகக் கலைக்கப்படாமல் வெளியே வந்திருக்கிறது என்பது அதிலிருந்தே தெரிந்துவிட்டதே, நோஃபால்ட் இருந்திருந்தால் மட்டும் கூடுதலாக என்ன தெரிந்திருக்கும்? சாதனம் அங்கேயே நின்றதால் வட்டில் தவறான தரவு எழுதப்படாமலும் போயிருக்கலாம். அதோடு, நோஃபால்ட் பொய் சொல்லாது என்றும் இல்லை. விடுவிக்கப்பட்டு வேறொருவர் கைக்குப் போன நினைவகத்தை அது எந்தத் தடையுமின்றிப் படித்து, செல்லுபடியான மதிப்பு போலவே கொடுக்கும்.

ஆனால் அந்தப் பதிவில் வராமல் போனவை எவை என்று எண்ணிப் பார்த்தால் வாதம் நிற்பதில்லை. பக்கத்தைப் பற்றிக் கெர்னல் வைத்திருக்கும் விவர அமைப்பை அப்படியே பதினறும எண்களாகக் காட்டும் வரிகள் மேப்பிங்குக்குப் பிறகுதான் வரும். எல்லாவற்றுக்கும் கடைசியில்தான், அந்தப் பக்கத்தை ஒதுக்கியது யார் என்று சொல்லும் பேஜ் ஓனர் வசதியின் ஸ்டாக் ட்ரேஸ் (அழைப்புகளின் வரிசை) வரும். அதற்காகவே நினைவகச் செலவைப் பொறுத்துக்கொண்டு, எல்லாச் சாதனங்களிலும் அதை இயக்கிவைத்திருந்தோம். எங்களுக்குத் தேவைப்பட்டது அந்த ட்ரேஸ் ஒன்றுதான். அது கிடைக்காமல், அதே கோளாறு இன்னொரு முறை வருவதற்காக வாரக்கணக்கில் காத்திருந்தோம். வாடிக்கையாளரிடம் "மறுபடி விழட்டும்" என்று சொல்ல வேண்டியிருந்த அந்தத் தொலைபேசி அழைப்பு எனக்கு இன்றும் கசக்கிறது.

2024-இல் மூல கெர்னலில் அதே இடம் மறுபடி திருத்தப்பட்டது. அழுத்தச் சோதனை ஒன்றில், டென்ட்ரி பெயரை அச்சிடும்போது உண்மையாகவே விழுந்திருக்கிறது. இப்போது பெயரையும் நோஃபால்ட் வழியாகவே எடுக்கிறார்கள். அதைப் படித்த அன்று, அது பாதிப் பாதுகாப்புதான் என்று நான் சொன்னது சரியாகிவிட்டதே என்று ஒரு கணம் நிம்மதியாக இருந்தது. மீதிப் பாதியையும் சேர்த்து அடைத்தார்களே தவிர, பாதிதானே என்று யாரும் அதைத் தூக்கி எறியவில்லை என்பது அடுத்த கணமே உறைத்தது.

அவருடைய பேட்சை விபத்து நடந்த வாரமே கிளையில் சேர்த்தோம். எடுத்துவந்தவர் என்ற வரியில் அவர் பெயர் இருந்தது. பரிசீலித்தவர் என்ற வரியில் என் பெயரை இடுவதா என்று வெகுநேரம் தயங்கினேன். கடைசியில் இட்டுவிட்டேன். கிளையில் பதிவான அந்தக் கமிட்டை அவர் பார்த்திருப்பார். அதைப் பற்றி என்னிடம் எதுவும் கேட்கவில்லை, நானும் எதுவும் சொல்லவில்லை.