பனிமூட்டமும் பிட்ரேட்டும்

படுகர்களின் ஹெத்தையம்மன் பண்டிகை முடிந்த கையோடு கோத்தகிரியில் எங்கள் கடைக்கு, டிவிடியில் ஏற்றித் தரச் சொல்லி, மினி டிவி (MiniDV) வீடியோ கேசட்டுகள் வந்து குவியும். பேரகணியிலோ தங்கள் ஹட்டியிலோ (ஊரிலோ) அவர்கள் எடுத்தவை. எல்லாரும் வெள்ளை உடையில், வெள்ளை மூட்டத்துக்குள், வட்டமாக ஆடிக்கொண்டிருப்பார்கள். டிவிடியில் ஏற்ற இதைவிடக் கடினமான காட்சியை நான் பார்த்ததில்லை.

கேசட்டில் படம் நொடிக்கு 25 மெகாபிட் வீதம் பதிவாகிறது; இந்த வீதம்தான் பிட்ரேட். டிவிடியில் படத்துக்கு உச்சவரம்பே 9.8தான். ஒரு மணி நேர கேசட்டை ஃபயர்வயர் கேபிளில் இறக்கினால் ஏறக்குறைய 13 ஜிபி. டிஸ்க்கின் கொள்ளளவு 4.7 ஜிபி. நிறைய விட்டாக வேண்டும். எதை விடுவது என்பதில்தான் தரம் இருக்கிறது.

டிவிடியின் எம்பெக்-2 சுருக்க முறை, ஒரு ஃபிரேமுக்கும் (தனிப் படத்துக்கும்) அடுத்ததற்கும் உள்ள வித்தியாசத்தையே பெரும்பாலும் சேமிக்கிறது. மூட்டம் இறங்கி வெளிச்சம் குறைந்தால் கேமரா தானாகவே கெயினை, அதாவது சிக்னலின் பெருக்கத்தை, ஏற்றிக்கொள்ளும். படமெங்கும் பொடிப்பொடியாகப் புள்ளிகள் துடிக்கும். ஃபிரேமுக்கு ஃபிரேம் அவை மாறுவதால், அவற்றையும் அசைவென்று எடுத்துக்கொண்டு என்கோடர் (படத்தைச் சுருக்கும் மென்பொருள்) பிட்டுகளைச் செலவழித்துவிடும். ஆடுகிறவர்களின் கால்களுக்கு மிச்சமிருக்காது; அங்கே கட்டம் கட்டமாக உடையும். அதனால் என்கோட் பண்ணும் முன்பே புள்ளிகளைக் குறைப்பேன், மிக லேசாக. கை மீறினால் பாட்டிமார் முகத்துச் சுருக்கமெல்லாம் மழுங்கி மெழுகு பூசியதுபோல் ஆகிவிடும். கொஞ்சம் புள்ளி இருந்தாலும் முகம் முகமாக இருக்கட்டும் என்பதே என் கட்சி.

"தம்பி, மூணு கேசட்டையும் ஒரே டிவிடியில போட்டுக் குடு" என்பார்கள். மூன்று மணி நேரத்தை ஒரே டிஸ்க்கில் அடைத்தால் ஒலியும் சேர்த்து நொடிக்கு மூன்றரை மெகாபிட்கூடத் தேறாது. "மூணு டிஸ்க்கா வாங்கிக்கோங்க அண்ணா" என்று சொல்லி, ஒரே ஆட்டத்தை இரண்டு விதமாகவும் கடை டிவியில் ஓட்டிக் காட்டுவேன். பார்த்த பிறகு மறுத்தவர்கள் குறைவு. ஒலியிலும் மிச்சம் பிடிக்கலாம்: சுருக்காத பிசிஎம் ஒலி நொடிக்கு ஒன்றரை மெகாபிட் எடுக்கும்; சுருக்கிய டால்பி டிஜிட்டல் ஸ்டீரியோவுக்கு 0.2 போதும். மீந்ததைப் படத்துக்குக் கொடுத்துவிடலாம். வேரியபிள் பிட்ரேட்டில் (காட்சிக்கு ஏற்ப மாறும் வீதத்தில்) இரண்டு முறை ஓடவிட்டு என்கோட் செய்தால், சும்மா நிற்கும் காட்சியில் மிஞ்சுவது ஆட்டத்துக்குப் போய்ச்சேரும். நேரம் இரட்டிப்பாகும், ஆகட்டும்.

கணினித் திரையில் கைகால் ஓரங்களில் சீப்புப் பல் மாதிரி கோடுகள் தெரிவதைப் பார்த்துப் பயந்து பலர் டீஇன்டர்லேஸ் செய்துவிடுகிறார்கள்; அதாவது ஒவ்வொரு ஃபிரேமிலும் வரி விட்டு வரி அமைந்த இரண்டு பாதிப் படங்களை (ஃபீல்ட்) ஒன்றாக்கிவிடுகிறார்கள். டிவிடிக்கு அது வேண்டாம். நொடிக்கு 50 ஃபீல்டாக எடுத்த அசைவு 25 ஆகி, ஆட்டத்தின் வழுக்கல் போய்விடும். மினி டிவி கேசட்டில் கீழ் ஃபீல்ட் முதலில் வரும். என்கோடரில் அதைச் சரியாகக் குறித்தால் போதும். மாற்றிக் குறித்தால், ஆடுகிறவர்கள் முன்னும் பின்னுமாக நடுங்குவார்கள்.

மலையின் ஈரத்தில் நாடாவில் பூஞ்சை பிடிக்கும். பூஞ்சை பிடித்த கேசட்டை அப்படியே கேமராவில் போட்டால் ஹெட்டும் அழுக்காகும், அடுத்தவர் கேசட்டும் கெடும். கேசட் ஓட்டுகிற கேமராவே இப்போது அரிதாகிவிட்டதால், டிவிடியோடு நிறுத்தாமல் அந்த 13 ஜிபி மூலக் கோப்பையும் ஹார்ட் டிஸ்க்கில் வாங்கிப்போகும்படி எல்லாரிடமும் சொல்கிறேன்.