புழுக்கைக் கணக்கும் பீகிள் நாய்களும்

ஒரு காட்டில் எத்தனை முயல் இருக்கிறது என்று தெரிந்துகொள்ள முயலைப் பார்க்க வேண்டியதில்லை. புழுக்கையை எண்ணினால் போதும். 5 சென்டிமீட்டர் அகலமும் 3 மீட்டர் நீளமும் கொண்ட ஒரு பட்டையை அளந்து, இரண்டு முனையிலும் குச்சி நட்டுவைப்போம். போன வருடம் சுத்தமாகப் பொறுக்கி எடுத்துவிட்டுப் போன பட்டையில் இந்த வருடம் எவ்வளவு விழுந்திருக்கிறது என்று, மண்டியிட்டு, சருகை விலக்கி விலக்கி எண்ண வேண்டும். கனடாவின் யூக்கான் பகுதியில் சூழலியலாளர் சார்லஸ் கிரெப்ஸும் அவருடைய குழுவினரும், கூண்டு வைத்துப் பிடித்த முயல்களின் கணக்கோடு ஒப்பிட்டுச் சரிபார்த்த முறை இது. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தின் வடக்கே, அப்பர் பெனின்சுலாவில் இருக்கும் ஹையவாதா தேசியக் காட்டிலும் அதை ஒட்டிய மாநிலக் காடுகளிலும் நான் பார்க்கும் களப்பணியில் பாதி இதுதான். மீதிப் பாதி, குளிர்காலத்தில் பனித்தடம் பார்ப்பது.

பீகிள் என்ற மோப்ப நாய்களோடு முயல் வேட்டைக்கு வருபவர்கள் எனக்குப் பழக்கமானது அந்தப் பனித்தட வேலையில்தான். நாங்கள் தேடிப்போகும் புதர்க்காட்டின் ஓரத்தில் எப்படியும் ஒரு பிக்கப் வண்டி நிற்கும். பின்பக்கத்தில் நாய்ப்பெட்டி இருக்கும். ஆரஞ்சு நிறத் தொப்பியோடு ஒருவர் தெர்மாஸ் குடுவையைத் திறந்துகொண்டு நிற்பார். இது பொது நிலம். உரிமம் வைத்திருக்கிற யாரும் வரலாம், யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். இங்கே முயல் வேட்டைப் பருவம் செப்டம்பர் 15 முதல் மார்ச் 31 வரை. ஒருவர் ஒரு நாளைக்கு 5 முயலுக்கு மேல் எடுக்கக் கூடாது. குட்டி போடும் காலமான ஏப்ரல் நடுவிலிருந்து ஜூலை முதல் வாரம் வரை, பழக்குவதற்காகக்கூட நாயை முயல் மேல் விடக் கூடாது. இந்த விதிகளை அவர்கள் மனப்பாடமாக வைத்திருக்கிறார்கள்.

இங்கே இருப்பது ஸ்னோஷூ முயல். அதற்கு வளை கிடையாது. ஒன்றரைக் கிலோ எடை இருக்கும். தரையோடு படர்ந்த ஸ்ப்ரூஸ் என்ற ஊசியிலை மரத்தின் கிளைக்கு அடியில் ஒரு சின்னப் பள்ளத்தில் உட்கார்ந்தே பகலைக் கழித்துவிடும். கோடையில் பழுப்பு, குளிர்காலத்தில் காதுநுனிக் கருப்பைத் தவிர முழு வெள்ளை. பின்னங்காலை விரித்தால் விரல்களும் மயிருமாகச் சேர்ந்து உடம்புக்குச் சம்பந்தமில்லாத அளவுக்கு அகலமாக இருக்கும். நாயும் மனிதனும் புதைகிற பனியில் இது மேலாகவே போய்விடுகிறது. துரத்தினால் ஒளிந்துகொள்ளப் பொந்து இல்லை. ஆகவே தனக்குத் தெரிந்த இடத்தையே சுற்றி வருகிறது. ஒரு முயல் சாதாரணமாகப் புழங்கும் பரப்பு 5 முதல் 10 ஹெக்டேர்தான். நாய் பின்னால் வந்தால் வட்டம் பெரிதாகும், ஆனாலும் திரும்பி வரும். பீகிள் வேட்டை முழுவதும் இந்த ஒரு பழக்கத்தை நம்பித்தான் நடக்கிறது.

நம் ஊர்ச் சிப்பிப்பாறை, கன்னி நாய்களை வைத்து இதைக் கற்பனை செய்தால் சரியாக வராது. அவை கண்ணால் பார்த்து, வேகத்தால் முயலை எட்டிப் பிடிப்பவை. (இந்தியாவில் முயல் வேட்டை இன்று சட்டப்படி குற்றம்.) பீகிளுக்கு முயலைப் பிடிக்கும் வேகம் கிடையாது. மூக்கைத் தரையில் வைத்து, குரல் கொடுத்துக்கொண்டே தடத்தைத் தொடரும். முயல் அதற்கு நூறு மீட்டருக்கும் முன்னால், பல சமயம் அவசரமே இல்லாமல் போய்க்கொண்டிருக்கும். நின்று, பின்னங்காலில் எழுந்து, சத்தம் எந்தப் பக்கம் வருகிறது என்று கேட்டுவிட்டு மறுபடி நாலு தாவல். வேட்டைக்காரர் செய்வதெல்லாம் நல்ல இடமாகப் பார்த்து அசையாமல் நிற்பதுதான்.

வழக்கமாக சிடார் மரங்கள் நிறைந்த ஒரே சதுப்புக்கு வரும் பெரியவர் ஒருவர் என்னைப் பக்கத்தில் நிற்க அனுமதித்தார். நான் துப்பாக்கி எடுப்பதில்லை, எடுக்கும் எண்ணமும் இல்லை என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். “அதனால் என்ன, காது இருக்கிறதல்லவா” என்றார். அவரிடம் நான்கு நாய்கள். ஒவ்வொன்றின் குரலும் அவருக்குத் தனித்தனியாகத் தெரியும். முயல் கிளம்பியதும் நான்கும் ஒரே சமயத்தில் குரலெடுத்தன. சதுப்பின் மறுபக்கம்வரை போய், சத்தம் தேய்ந்து, அப்புறம் இடப்பக்கமாகத் திரும்பியது. நான் நாய்கள் வரும் திசையையே பார்த்துக்கொண்டிருந்தேன். “நாயைப் பார்க்காதீர்கள், நாய்க்கு ரொம்ப முன்னால் பாருங்கள். கருப்புக் கண் ஒன்று தெரிகிறதா என்று மட்டும் தேடுங்கள்” என்றார்.

அப்போது குரல் சட்டென்று நின்றது. முயல் வந்த தடத்திலேயே கொஞ்ச தூரம் திரும்பி நடந்து, பக்கவாட்டில் ஒரே தாவாகத் தாவியிருக்கிறது. தடம் அந்த இடத்தில் முடிந்துபோனதுபோல் இருக்கும். மூன்று நாய்கள் பரபரவென்று முன்னும் பின்னும் ஓடின. வயதான பெட்டை மட்டும் ஓடவில்லை. தடம் முடிந்த இடத்திலிருந்து சின்ன வட்டம், பிறகு கொஞ்சம் பெரிய வட்டம் என்று நடந்தாள். விழுந்து கிடந்த ஒரு மரத்தின் மேல் முன்காலை வைத்து அதன் முதுகு நெடுக மோந்துகொண்டே போனாள். பாதியில் வால் ஆட ஆரம்பித்தது. புதரில் அடிபட்டு அடிபட்டு வால்நுனி கிழிந்திருந்ததால் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் பனியில் சிவப்புப் புள்ளிகள் விழுந்தன. ஒரே ஒரு குரல் கொடுத்தாள். மற்ற மூன்றும் வந்து சேர்ந்துகொண்டன. பெரியவர் அன்று அந்த முயலைச் சுடவில்லை. அது எங்களைத் தாண்டிப் போனதை நான் பார்த்தேன். அவர் துப்பாக்கியை உயர்த்துவதற்குள் அடுத்த புதருக்குள் போய்விட்டது. அவருக்கு அதில் வருத்தமே இல்லை. அந்தப் பெட்டை தடம் எடுத்த விதத்தைத்தான் வண்டிவரை பேசிக்கொண்டே வந்தார்.

குளிர் அதிகமாகி, பனி மாவாக உலர்ந்து கிடக்கும் நாளில் முயலின் மணம் தங்காது. உறைநிலையை ஒட்டி, பனியில் கொஞ்சம் ஈரம் இருந்தால்தான் நாய்க்கு நல்ல நாள். இதையெல்லாம் நான் குறித்துவைத்துக்கொண்டேன். ஆனால் என் வேலைக்கு உண்மையில் உதவியது வேறு. நாய்களின் கழுத்தில் ஜி.பி.எஸ். பட்டை இருக்கிறது. சில நொடிக்கு ஒருமுறை நாய் இருக்கும் இடம் பதிவாகும். ஒரு துரத்தல் முடிந்ததும் வேட்டைக்காரரின் கையடக்கக் கருவியில் முயல் போன வழி முழுக்கக் கோடாக விழுந்திருக்கும். கேட்டபோது பலரும் தயங்காமல் கொடுத்தார்கள். சிலர் தங்கள் இடம் வெளியே தெரிந்துவிடும் என்று மறுத்தார்கள், அதுவும் நியாயம்தான்.

அந்தக் கோடுகளை வனத்துறையின் மரவரைபடத்தின் மேல் போட்டுப் பார்த்தோம். புழுக்கைப் பட்டைகள் ‘இந்தப் புதரில் முயல் அதிகம், அந்தப் புதரில் குறைவு’ என்று சொல்லும். ஒரு புதரிலிருந்து இன்னொன்றுக்கு முயல் எப்படிப் போகிறது என்று சொல்லாது. கோடுகள் அதைக் காட்டின. பெரிய மேப்பிள் மரங்கள் நிற்கும் திறந்த காட்டுக்குள் ஒரு முயல்கூட நுழையவில்லை. ஓடையோரம் நெடுக வளர்ந்த ஆல்டர் புதர் வழியாகவே, வெட்டி மறுபடி தழைத்த ஆஸ்பென் காட்டிலிருந்து சிடார் சதுப்புக்குப் போயின. வரைபடத்தில் அந்த ஆல்டர் பட்டைக்குத் தனி நிறம்கூட இல்லை. அகலம் அவ்வளவு குறைவு.

துரத்தப்படும் முயல் போகும் வழியும் தானாகத் திரியும் முயல் போகும் வழியும் ஒன்றல்ல, தெரியும். ஆனால் முயல் உயிரோடு இருக்குமா என்பது தப்பிக்கும் வழியைப் பொறுத்தது. யூக்கானில் ரேடியோப் பட்டை கட்டிய முயல்களில் பெரும்பாலானவை லின்க்ஸ் என்ற காட்டுப்பூனை, கயோட்டி என்ற ஓநாய் போன்ற சிறு விலங்கு, ஆந்தை, வல்லூறு இவற்றிடம்தான் செத்தன. இங்கே லின்க்ஸ் அபூர்வம், மற்றவை உண்டு. ஓநாயும் திரும்பி வந்துவிட்டது. 2024 கணக்கெடுப்பில் அப்பர் பெனின்சுலாவில் குறைந்தபட்சம் 762 ஓநாய்கள் இருந்தன. பீகிளின் குரல் ஓநாய்க்கு அழைப்பு மாதிரி ஆகிவிடுவதால், புதிய ஓநாய்த் தடம் கண்டால் பெரியவர் நாய்ப்பெட்டியைத் திறக்கவே மாட்டார்.

பனி விஷயத்துக்கு வருகிறேன். எனக்கு அதிகம் கவலை தருவது இதுதான். முயலின் நிறம் மாறுவது பகல் நேரத்தின் நீளத்தை வைத்து. பனி விழுந்ததா இல்லையா என்று அது காத்திருப்பதில்லை. 2023–24 குளிர்காலத்தில் பனி வரவே இல்லை என்று சொல்லலாம். மார்க்கெட் (Marquette) என்ற ஊரில் நடக்கும் யூ.பி.200 நாய்ச்சறுக்குவண்டிப் போட்டியையே ரத்து செய்தார்கள். பழுப்புச் சருகு மேல் முழு வெள்ளையாக முயல்கள் உட்கார்ந்திருந்தன. தான் வெளியே தெரிகிறோம் என்பது அவற்றுக்குத் தெரிவதில்லை. வழக்கம்போல அசையாமல் இருந்தால் போதும் என்றே இருந்தன. பக்கத்து விஸ்கான்சினில் 30 ஆண்டுகளுக்கு மேற்பட்ட இடைவெளியில் பழைய இடங்களையே மறுபடி தேடிப் பார்த்த ஆய்வில், இந்த முயலின் தென் எல்லை சுமார் 29 கிலோமீட்டர் வடக்கே நகர்ந்திருந்தது. முக்கியக் காரணம் பனி கிடக்கும் நாட்கள் குறைந்தது. அந்தக் குளிர்காலத்தில் பெரியவர் நாய்களை ஓடவிட்டார், துப்பாக்கியை வண்டியிலேயே வைத்துவிட்டார். சட்டம் அவரைத் தடுக்கவில்லை. “சமமான ஆட்டம் இல்லை” என்றார்.

பனியை வரவைக்க எங்களால் முடியாது. புதரை அடர்த்தியாக வைத்திருக்க முடியும். அடர்ந்த புதரில் வெள்ளை முயலும் ஓரளவு மறையும். ஆஸ்பென் காட்டை ஒரே வீச்சில் வெட்டினால் எல்லாம் ஒரே வயதாக வளர்ந்து, ஒரே காலத்தில் முற்றி, அடி திறந்துவிடும். சின்னச் சின்னத் துண்டுகளாக, வெவ்வேறு வருடங்களில் வெட்டினால் முயலுக்கேற்ற இளங்காடு எப்போதும் ஏதாவது ஒரு பக்கம் இருந்துகொண்டே இருக்கும். வேட்டைக்காரர்களும் இதைத்தான் கேட்கிறார்கள். அவர்கள் வாங்கும் துப்பாக்கி, தோட்டா மீதான வரி 1937ஆம் ஆண்டின் பிட்மன்–ராபர்ட்சன் சட்டப்படி வனவிலங்குப் பணிகளுக்குத்தான் மாநிலங்களுக்குப் போகிறது. ஆகவே அவர்கள் பேச்சுக்குக் கூட்டங்களில் மதிப்பு உண்டு.

எங்கள் பகுதியின் அடுத்த மரவெட்டுத் திட்டம் கருத்துக் கேட்புக்கு வந்தபோது, துரத்தல் கோடுகளை வரைபடத்தோடு இணைத்து அனுப்பினோம். ஓடையின் இரு கரையிலும் ஆல்டர் புதரைத் தொடக் கூடாது, அதை ஒட்டி மரவண்டிப் பாதை போடக் கூடாது, ஆஸ்பென் காட்டை மூன்று தவணையாக வெட்ட வேண்டும் என்று கேட்டிருக்கிறோம். பீகிள்காரர்கள் சிலர் தனியாகவும் எழுதியிருக்கிறார்கள். பாதையை மேற்கே தள்ளிப் போடச் சம்மதம் வந்துவிட்டது. தவணை பற்றி இன்னும் பேச்சு நடந்துகொண்டிருக்கிறது.